எங்கள் வீட்டில் மாட்டை அடிப்பதில்லை

எங்கள் வீட்டில் மாட்டை அடிப்பதில்லை. வெள்ளகோவில் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில் மூன்று தலைமுறையாகக் காங்கேயம் மாடுகள் நிற்கின்றன. சாட்டை உண்டு, ஆனால் அது காற்றில் சொடுக்குவதற்கு. தோலில் பட்டால் சொடுக்கியவன் தோல் உரியும். கன்றுக்குட்டியைக் குச்சியால் ஒரு போடு போட்ட பண்ணையாளைத் தாத்தா அன்றைக்கே தோட்டத்தை விட்டு விரட்டினாராம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

மனிதரை அடிப்பது வேறு. அப்பா அண்ணனை அடித்தார். அண்ணன் என்னை அடித்தான். கல்யாணம் ஆனதும் அண்ணியை அடித்தான். அதைப் பற்றி யாரும் கதை சொல்லவில்லை.

மரியாதையாகப் பேசும் ஊர்தான் எங்கள் ஊர். நாய்க்குட்டியைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிடுவோம். ஆனாலும் அண்ணனை இனிமேல் ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வராது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்க முடியாவிட்டால் மூடி வைத்துவிடுங்கள்.

நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை செய்கிறேன். பனியன் நெஞ்சில் அச்சடிக்கிற பூ, புலி, மண்டை ஓடு எல்லாம் கம்ப்யூட்டரில் வரைவது என் பிழைப்பு. அது போக, பத்து வருடமாக எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. வீடியோ எடுப்பேன், சத்தம் பதிவு செய்வேன், துணியைத் தொங்கவிட்டு அதன்மேல் படம் ஓட்டுவேன். மல்டிமீடியா கலை என்று நாகரிகமாகச் சொல்லலாம். என் வீட்டுக்காரர் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘உன்ற சினிமாக் கொட்டாய்’.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அண்ணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இடது காதோரம் வீங்கி, கம்மலைச் சுற்றி ரத்தம் காய்ந்திருந்தது. அவருடைய பெண் அப்போது பத்தாம் வகுப்பு. எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்று கூப்பிடுவோம். நான் வயதில் சின்னவள் என்றாலும் அவர் என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

“அம்மிணி, ஒரு மாசம் இங்க இருந்துக்கறனுங்க. ஒரு மூலையில கெடக்கறேன்” என்றார்.

நான் காபி போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் என் வாயில் வந்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. “கொஞ்சம் பொறுத்துக்கங்க நங்கையா. பாப்பாவுக்குப் பரீட்சை வருதில்லீங். அண்ணனுக்குக் கைதான் முந்திக்கும், மனசு வெள்ளைங்க” என்றேன். நானே கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக அவர் சொன்னார், “சரீங்க. ஆனா அடுத்த தடவை நான் நடந்து வர மாட்டனுங்க. என்னையத் தூக்கிட்டுத்தான் வருவாங்க.”

பஸ் போய்விட்டது. அந்தச் சொல் போகவில்லை. அண்ணி ஒருநாள் அந்தத் தோட்டத்தில் செத்துப்போவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், பனியனுக்குப் புலி வரைந்தேன்.

காளைக்கு வருகிறேன்.

அண்ணனிடம் ஒரு காளை இருந்தது. பசுக்களோடு சேர்க்கிற காளையைப் பூச்சிக்காளை என்போம். திமிலும் கழுத்தும் தொடையும் கன்னங்கரேல் என்று, நடுவயிறு மட்டும் சாம்பலாக இருக்கும். அது நடந்தால் மண் அதிரும். அண்ணனைத் தவிர யாரையும் பக்கத்தில் விடாது. ஒருநாள் தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரை முட்டித் தூக்கிக் கிளுவை வேலியில் எறிந்தது. கொம்பு தொடையில் இறங்கி, சதை வாழைப்பூ மடல் மாதிரித் திறந்துகொண்டது. மனிதர் பிழைத்துவிட்டார், ஆனால் இன்றுவரை காலை இழுத்துத்தான் நடக்கிறார். ஊர் கூடிப் பேசியது. காயடித்து வண்டி மாடாக்கிவிடு, இல்லாவிட்டால் விற்றுவிடு. அண்ணன் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. பிறகு காயடிக்க ஒத்துக்கொண்டான்.

காங்கேயம் காளைக்கு ஒரு சங்கதி உண்டு. காயடித்துவிட்டால் மாதங்கள் போகப்போக அந்தக் கருப்பு வடிந்து சாம்பலாகி, வெள்ளையாகிவிடும். யாரும் தடவ வேண்டாம், கழுவ வேண்டாம். உடம்பே நிறத்தை விட்டுவிடும். இதை எங்கள் பக்கத்துக் குழந்தைகூடச் சொல்லும். ஆனால் வெளுக்காத கோரா துணி ப்ளீச்சிங் போய் வெள்ளையாக வருவதைத் தினமும் பார்க்கிறவளுக்கு அது வேறு மாதிரித் தோன்றியது. மூன்று துணி தொங்கவிட வேண்டும். ஒன்று மெஷினிலிருந்து வந்தபடியே பழுப்பாக, ஒன்று பாதி வெளுத்தது, ஒன்று முழு வெள்ளை. அந்த மூன்றிலும் ஒரே காளை, மெல்ல மெல்ல நிறம் போய். ஆண் என்பது எங்கே இருக்கிறது, ஒரு இடுக்கியால் அதை எடுத்துவிட முடியுமா, எடுத்த பிறகு மிஞ்சுவது சாந்தமா பயமா என்றெல்லாம் பெரிய மனுஷி மாதிரி ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

காயடித்த அன்று கேமராவோடு போனேன். கயிறு போட்டுக் காளையைச் சாய்த்தார்கள். ஆறு பேர். ஒருவன் கொம்பைப் பிடித்து மண்ணோடு அழுத்தினான், ஒருவன் வாலைத் தொடைக்குள் கொடுத்து இழுத்தான். இடுக்கி வைத்திருந்த ஆள் குத்தவைத்து உட்கார்ந்து, விதைக்கு மேலே தோலுக்குள் ஓடும் நரம்பை விரலால் தேடினார். பாக்கு வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். காளையின் கண் வெளியே வந்துவிடும் போலப் பிதுங்கியது. வாயில் நுரை. கத்தவில்லை, அடிவயிற்றிலிருந்து ஒரு முக்கல். அடுத்த பக்கமும் அப்படியே. கட்டை அவிழ்த்ததும் எழுந்து நின்று, நாலு காலும் நடுங்க, நின்ற இடத்திலேயே சாணி போட்டது.

அண்ணன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். “என்னைய மன்னிச்சிரு சாமி, என்னைய மன்னிச்சிரு” என்று ஊரே பார்க்க அழுதான். நான் அதையும் எடுத்தேன். அழகாக வந்திருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, கேமரா பிடிக்கிறவர்களுக்கு அந்தப் பழமொழி நன்றாகப் பொருந்தும்.

எனக்கு அந்த முக்கல் சத்தம் இன்னும் வேண்டியிருந்தது. கிளம்புமுன் சின்ன ரெக்கார்டர் ஒன்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு, மாட்டுக் கொட்டகை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டேன். பவர் பேங்க் ஒன்றோடு சேர்த்துக் கட்டினால் மூன்று நாள் ஓடும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் அதன் முன்னால் வந்து நின்று வணக்கம் சொல்லுவான்.

மூன்று நாள் கழித்து எடுத்து வந்து கேட்டேன். பெரும்பாலும் ஈ, கோழி, தூரத்து மோட்டார். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு இடம் வந்தது. கொட்டகைக் கதவு சாத்துகிற சத்தம். பிறகு அடி. கயிற்றால் அடிக்கிற அடி, ஈரமாக, கனமாக. அண்ணன் குரல், “நில்லு. நில்லுன்னா நில்லு. அசஞ்சீன்னா கொன்னு போடுவேன்.” மறுபடி அடி. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு மூச்சு, வாயை மூடிக்கொண்டு மூக்கால் விடுகிற மூச்சு. சங்கிலி உரசுகிறது. கடைசி அடிக்கப்புறம் அண்ணன் இரைக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

அடப்பாவி, கட்டிப்பிடித்து அழுதவன் மறுநாளே அடிக்கிறானே என்றுதான் நினைத்தேன். ஆண்மையை எடுத்தும் ஆத்திரம் தீரவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். என் வேலைக்கு இதைவிட நல்ல சத்தம் தவம் கிடந்தாலும் கிடைக்காது. எங்கள் வீட்டில் மாட்டை அடிப்பதில்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை? இந்தக் கேள்வியை நான் பிறகு பலமுறை கேட்டுக்கொண்டேன். இப்போதைக்கு இருக்கட்டும்.

எட்டு மாதம் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு போய், ஒரே இடத்தில் நிறுத்தி, காளையைப் படம் எடுத்தேன். திமில் வெளுத்தது. கழுத்து வெளுத்தது. ஒவ்வொரு முறையும் அண்ணி எனக்குச் சோறு போட்டார். வெயில் காலத்திலும் முழங்கைவரை மூடிய ரவிக்கைதான் போட்டிருந்தார். நான் கேட்கவில்லை.

அவிநாசி பக்கம் மூடிக் கிடந்த ஒரு நிட்டிங் ஷெட்டில் சில இளைஞர்கள் சேர்ந்து மூன்று நாள் கண்காட்சி வைத்தார்கள். எனக்கு ஒரு மூலை கொடுத்தார்கள். மூன்று துணியையும் இரும்புக் குழாயில் தொங்கவிட்டேன். சுற்றியும் இருட்டாக்கினேன். தரையில் ஒரு பலகை மேடை போட்டு, அதற்கடியில் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தேன். மேலே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் ஒவ்வொரு அடியும் உள்ளங்காலில் ஏறும். அதற்காகவே மெனக்கெட்டு இரண்டு ராத்திரி ஆணி அடித்தேன்.

முதல் நாள் சென்னையிலிருந்து வந்த ஒருவர் பலகையில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். இறங்கி வந்து, “மேடம், அந்த அடி இருக்கு பாருங்க, எலும்புல எறங்குது” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து, “உங்க காளையைப் பாக்க ஊரே வருதுங்கண்ணா, நாளைக்கு வாங்க” என்றேன். மத்தியானம் கூட்டாளிகளோடு வருவதாகச் சொன்னான்.

மறுநாள் காலையில், ஷெட்டைத் திறந்து அரைமணி நேரம் இருக்கும், அண்ணி தனியாக வந்தார். அவிநாசி கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். நெற்றியில் திருநீறு இருந்தது, அதனால் கோயிலுக்கும் போயிருக்கிறார். “உங்க வேலையை நான் பாத்ததே இல்லீங்களே அம்மிணி. அதான் வந்தேன்” என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பலகையில் நிறுத்தினேன்.

முதல் துணியில் கருப்புக் காளை வந்தது. அண்ணி சிரித்தார். பிறகு சத்தம் ஆரம்பித்தது. காதோரம் வீங்கி என் வீட்டுக்கு வந்தாரே, அந்த அடிக்குப் பிறகு அவருக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. அதனால் முதலில் குனிந்து காலைப் பார்த்தார். அடி விழ விழ அவருடைய கால்விரல்கள் பலகையைப் பற்றிக்கொண்டு மடங்கின. நாற்பது விநாடி ஓடி முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது. இறங்கவில்லை. மூன்றாம் முறையும் ஓடி முடிந்தது.

“பதினொண்ணு” என்றார்.

“ஆமாங் நங்கையா, பதினோரு அடிதான். எப்படி இவ்வளவு சட்டுனு எண்ணுனீங்க?”

“எப்பவும் எண்ணிக்குவனுங்க. எண்ணுனா வலி கொஞ்சம் தள்ளி நிக்கும்.” அவர் பலகையை விட்டு இறங்கினார். “இது மாடு இல்லீங் அம்மிணி. நானுங்க.”

எனக்கு விளங்கவில்லை. விளங்காதது போல நின்றேன் என்று சொல்வதுதான் சரி. “இல்லீங், அந்த முக்கற சத்தம் காளையோடதுங்களே” என்று வாதாடினேன்! அவர் உடம்பில் விழுந்த அடியைப் பற்றி அவரிடமே வாதாடினேன்.

“என்ற மூச்சுங்க அது. முந்தானையை வாயில வெச்சிக் கடிச்சுக்குவேன். பக்கத்துத் தோட்டத்துல சனம் இருக்குதில்லீங், சத்தம் போட்டா மானம் போயிரும்.” கோபமே இல்லாமல், எனக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொன்னார். “காயடிச்ச மறுநாள் காளை தண்ணி குடிக்கலீங்க. நான் வெச்ச தண்ணி ஆகாமத்தான் குடிக்கலைன்னு, மாடு கட்டற தும்புக் கயித்தை அவுத்துட்டாரு. மாட்டை அடிப்பாருங்களா உங்கண்ணன்? மாட்டுக்கு வலிக்குதுன்னு என்னைய அடிச்சாரு.”

அப்போதும் பலகைக்கு அடியில் அது ஓடிக்கொண்டே இருந்தது. நில்லு. நில்லுன்னா நில்லு. அந்தச் சத்தத்தை நான் எப்படியெல்லாம் சீவி எடுத்தேன் என்பது ஞாபகம் வந்தது. கோழிச் சத்தத்தைக் கழித்தேன். அடியை மட்டும் கூட்டினேன். இரண்டு அடிக்கு நடுவில் இடைவெளி அதிகம் என்று அரை விநாடி வெட்டினேன். அவன் அடித்ததைவிட வேகமாக நான் அடிக்க வைத்திருக்கிறேன். ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கப் போனேன்.

“எதுக்குங்க நிறுத்தறீங்க?” அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஓடட்டுமுங்க. பத்தொம்பது வருசமா யாருக்கும் கேக்கலை.”

“அண்ணன் மத்தியானம் இங்க வருதுங்க. நீங்க கெளம்புங்க நங்கையா, நான் பஸ் ஏத்தி விடறேன்” என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. மறுபடியும் பஸ்!

அண்ணி போய், வெள்ளைத் துணிக்குப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பையிலிருந்து கோயில் பொங்கலை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தார். என்னால் விழுங்க முடியவில்லை. அவர் தின்றார்.

மூன்று மணிக்கு மேல் அண்ணன் வந்தான். வெள்ளைச் சட்டை, வேட்டி, கூட மூன்று பேர். மூவரும் மாடு வைத்திருப்பவர்கள், வண்டிப் பந்தயத்துக்குச் சேர்ந்து போகிறவர்கள். கருப்புக் காளையைத் துணியில் பார்த்ததும் அண்ணன் முகம் விரிந்தது. “பாருடா, எஞ்சாமியப் பாருடா” என்றான். நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் வேறு ஆட்களும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

சத்தம் வந்தது. முதல் அடியிலேயே அண்ணன் முகம் மாறியது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் குரலை அவன் அறிய மாட்டானா? மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரிலும் மூத்தவர் பலகையை விட்டு இறங்கினார்.

“மாப்ள, என்னடா இது? மாட்டையா அடிச்ச?”

அண்ணன் குனிந்து பலகையைப் பார்த்தான்.

“பச்சைக் காயத்தோட நிக்கற வாயில்லாச் சீவனைக் கட்டி வெச்சு அடிச்சிருக்கறயே, நீயெல்லாம் ஒரு மனுசனாடா? உங்கப்பன் இருந்தா உன்ற கைய வெட்டிப் போட்டிருப்பாரு.” அவருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இன்னொருவன் காறித் தரையில் துப்பினான். “இனிமே உங்கூட வண்டி கட்டுனா எனக்குப் பாவம் வந்து சேரும்டா.”

அண்ணன் பதறிப்போனான். மூத்தவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “ஐயோ, மாமா, நான் மாட்ட அடிப்பனுங்களா? எம்புள்ளைங்க அது! எங்கப்பன் மேல சத்தியமாச் சொல்றேன், மாட்ட அடிக்கலீங்க. அவளைத்தான் அடிச்சேன்! எம் பொண்டாட்டியைத்தானுங்க அடிச்சேன்!”

பலகை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

மூத்தவர் ஒரு பெருமூச்சு விட்டார். “அப்படிச் சொல்லு. நான் ஒரு நிமிசம் பதறிப் போயிட்டேன் மாப்ள” என்று அண்ணன் தோளில் தட்டினார். துப்பியவன் செருப்பால் எச்சிலைத் தேய்த்து அழித்தான். மூவர் முகத்திலும் நிம்மதி. சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதி!

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. போய் அண்ணன் கன்னத்தில் அறைந்தேன். நாற்பது வயதில் முதல்முறையாக அவனை அடித்தேன். கை எரிந்தது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அது இனித்தது. உடம்பு முழுக்க ஒரு இனிப்பு ஓடியது. இந்த இனிப்புக்குத்தான் இவன் பத்தொன்பது வருடமாக அலைகிறான் என்று அந்த நொடியில் புரிந்தது. புரிந்ததற்காக மன்னிக்கவில்லை. இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

இரண்டாவது அறைக்குக் கை ஓங்குமுன் அவன் அடித்தான். நான் பழுப்புத் துணியோடு சேர்ந்து சரிந்தேன். இரும்புக் குழாய் நெற்றியில் விழுந்து பொட்டு இருந்த இடம் பிளந்தது. “பொட்டக் கழுத, ஊட்டு விசயத்தை ஊருக்குப் போட்டுக் காட்டறயா?” என்று என் இடுப்பில் மிதித்தான். புரொஜெக்டரைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். பாதி வெளுத்த துணியைக் கிழித்தான். பனியன் துணி லேசில் கிழியாது, இழுக்க இழுக்க நீளும். அது கிழியாத ஆத்திரத்தில் வெள்ளைத் துணியைக் குழாயோடு பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான்.

அதற்குப் பின்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தார்.

“நீ கோயிலுக்குத்தான போன?” என்றான். குரல் தணிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்தத் தணிந்த குரலுக்குத்தான் எல்லாரும் நடுங்குவோம். இரண்டு எட்டில் போய்ச் சேர்ந்து கையை ஓங்கினான். “நில்லு” என்றான்.

அண்ணியின் கை முந்தானைக்குப் போனது. பழக்கம். சுருட்டி வாய்வரை கொண்டுபோனார். அப்புறம் என்ன நினைத்தாரோ, அதை விட்டுவிட்டார். வாயைத் திறந்து கத்தினார்.

அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. வார்த்தை கிடையாது, ‘ஐயோ’ கூடக் கிடையாது. தகரக் கூரை அதிர்ந்தது. மூச்சு முடிந்ததும் இன்னொரு மூச்சு இழுத்து மறுபடி கத்தினார். அண்ணன் ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அவனுக்கு அந்தக் குரலைத் தெரியாது. அவர்கள் இருவருக்குள் அப்படி ஒரு குரல் இருந்ததே இல்லை.

ஒட்டினாற்போல் ஒரு தையல் கம்பெனி. டீ நேரம் வேறு. வாசலில் நின்றிருந்த பெண்கள் டம்ளரும் கையுமாக ஓடி வந்தார்கள். இருபது பேருக்குக் குறையாது. முன்னால் வந்த ஒரு தென்காசிப் பக்கத்து அம்மாள், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, நேராகப் போய் அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “எவம்ல நீ? பொம்பளை மேல கைய வைக்கியோ? எறக்குல கைய!” இன்னொருத்தி அவன் சட்டையைப் பிடித்தாள். பட்டன் தெறித்தது. பின்னாலிருந்து ஒரு ஒடிசாப் பெண் இந்தியில் திட்டிக்கொண்டே அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். கூட்டாளிகள் மூவரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி கத்துவதை நிறுத்தினார். மூச்சு வாங்கியது. கீழே கிடந்த என்னைப் பார்த்து, “எந்திரிங்க அம்மிணி. ரத்தம் வருது பாருங்க” என்றார். அதே முந்தானையால் என் நெற்றியை அழுத்திப் பிடித்தார். “போலீசுக்குப் போலாமுங்க” என்றார்.

போகிற வழியெல்லாம் போன் வந்துகொண்டே இருந்தது. பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இவர்கள் வாயை மூட நான் போனை அணைத்தேன்.

மகளிர் காவல் நிலையத்தில் ஒரு பெண் போலீஸ் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். வழியில் ஆஸ்பத்திரியில் என் நெற்றிக்குத் தையல் போட்டிருந்தார்கள். அண்ணி ரவிக்கைக் கையைத் தோள்வரை ஏற்றிக் காட்டினார். நான் பார்த்தேன். எட்டு மாதம் அந்தக் கை போட்ட சோற்றைத் தின்ற நான், அன்றுதான் பார்த்தேன்.

“எப்பலிருந்து அடிக்கறாரும்மா?”

“கல்யாணமாகி மூணாம் நாளிலிருந்துங்க. காத்தால. மறுவீடு போறதுக்கு முன்னாடி.”

“அப்ப வீட்ல வேற யாரும் இல்லையா? யாருக்கும் சத்தம் கேக்கலையா?”

அண்ணி மேசையைப் பார்த்தார். “எனக்குத் தெரியாதுங்க” என்றார். தெரியும். என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னார்.

அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு இருபத்தொன்று. சமையலறையில் விருந்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மேல் அறையில் பொத்தென்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எழுந்துபோய் மிக்சியைப் போட்டாள். அதன் இரைச்சல் வீட்டை நிறைத்தது. மேலே எல்லாம் அடங்கும்வரை அம்மா பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் ஜாரைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. காலி ஜார் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த மூடித் தேங்காயை எடுத்தேன்.

பெண் போலீஸ் பேனாவை நகர்த்தி அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார்.

“நான் இருந்தேனுங்க” என்றேன். “எனக்குக் கேட்டுச்சு. எழுதிக்குங்க.”